மாவனல்லையில் கேட்ட வழக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி மார்க்கமாகப் பிரயாணம் செய்வோரிற் பெரும்பாலோர் மாவனல்லையைக் கடந்தே செல்கின்றனர். எனினும் அங்கே இறங்கி நின்று நாற்புறமும் நோக்குவோர் மிகச் சிலரே. பஸ் வண்டி சிறிது நேரம் நிற்கும். கடலைக்காரன் ஏறி இறங்குவான். வண்டி மீண்டும் கடுகண்ணாவை மலையை நோக்கிப் புறப்பட்டுவிடும். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே சென்றவன்தான். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆந் திகதி, எசல போயா விடுமுறை நாளன்று, ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று அவ்வூரில் இரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மலையையும் ஆற்றையும் காணச் சென்ற யான், எதிர்பாராத வகையில் ஒரு வழக்கைக் கேட்டு வந்தேன். நீதிமன்றத்தில் நடந்த வழக்கன்று. தேநீர்க்கடையில் நடந்த வழக்கு. ஒரு விளையாட்டு அணி யாருக்குச் சொந்தம் என்பதே அவ்வழக்கின் பொருள்.

பாலமும் மலையும்

மாவனல்லை கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்தது. சப்ரகமுவ மாகாணத்தின் கண்டிப் பக்கத்து வாயில் என்று கூறலாம். கண்டிக்கு இங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரமே. ஊரின் நடுவே மகா ஓயா ஓடுகின்றது. அதன்மேல் 1833ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற செங்கல் வளைவுப் பாலம் நிற்கின்றது. மாட்டு வண்டிகளுக்காகக் கட்டிய பாலத்தின்மேற் பின்னர் லொறிகளும் பஸ் வண்டிகளும் ஏறின. ஊரை நெருங்கும்போதே வீதிக்கருகில் ஊத்துவன்கந்தை என்னும் பாறை மலை தென்படுகின்றது. 1864ஆம் ஆண்டில் கண்டியிலே தூக்கிலிடப்பட்ட சரதியேல் என்பவன் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. உள்ளவரிடம் பறித்து இல்லாதவர்க்கு அளித்தான் என்று ஊர்மக்கள் அவனைப்பற்றி இன்றும் கதை சொல்கின்றனர். உடைமை என்பது யாருக்கு உரியது என்ற வினா இம்மலைச் சாரலுக்குப் புதியதன்று போலும்!

கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் கேட்கின்றது. முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழும் ஊர் இது. சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களின் லயங்களில், தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். சிங்கள மக்களோ கிராமங்களிலும் நகரிலும் நிறைந்துள்ளனர். இம்மூவரும் ஒன்றாக அமர்ந்து வாதாடும் இடம் எது என்று வினவினால், தேநீர்க்கடை என்பேன். அதிலும் கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும் இரவு என்பேன்.

ஓர் ஓட்டத்தில் போனது

அன்றிரவு நண்பர் என்னை வீதியோரத்துத் தேநீர்க்கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதன் முன்னே ஏறக்குறைய இருபது பேர். கொழும்பு பிரேமதாச மைதானத்தில் கண்டி அணியும் யாழ்ப்பாண அணியும் மோதிக்கொண்டிருந்தன. லங்கா பிரீமியர் லீக் என்னும் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்திற்குச் செல்வது யார் என்பதை முடிவு செய்யும் ஆட்டம் அது.

முன்வரிசையிலே பதினைந்து வயது மதிக்கத்தக்க தோட்டத்துச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். ‘கண்டி பெல்கன்ஸ்’ என்று பொறித்த, சாயம் போன மேற்சட்டை ஒன்றை அணிந்திருந்தான். யாழ்ப்பாணம் தமிழர் நகராயிற்றே, இவன் அதன் பக்கம் நிற்கவில்லையா என்று எனக்கு வியப்பு உண்டாயிற்று, வினவியும் விட்டேன்.

“யாழ்ப்பாணம் நல்ல டீம்தான் ஐயா. ஆனா நமக்குக் கிட்ட கண்டிதானே. முரளி அண்ணனும் கண்டிதானே!” என்றான் அவன்.

அந்த ஒரு சொல்லில் ஒரு சரித்திரமே இருக்கின்றது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரர் முத்தையா முரளிதரன். கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்று, 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலியிலே தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றவர். அந்நாளில் இச்சிறுவன் கைக்குழந்தையாக இருந்திருப்பான். ஆயினும் மலையகத்து லயங்களில் அப்பெயர் தாலாட்டோடு சேர்ந்து வளர்கின்றது.

ஆட்டம் இறுதிப் பந்துவரை சென்றது. கண்டி அணி ஒரேயோர் ஓட்டத்தால் தோற்றது. கடையில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை. பின்னர் கடைக்காரர், கோப்பைகளைக் கழுவியவாறே, “சரி, அடுத்த வருசம் பாப்பம். அடுத்த வருசம் என்ன பேரோ, யார் முதலாளியோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்!” என்றார். அங்கேதான் வழக்குத் தொடங்கிற்று.

ஐந்து ஆண்டில் நான்கு பெயர்

இப்போட்டி 2020ஆம் ஆண்டு தொடங்கியது. முதலாண்டில் அணியின் பெயர் கண்டி டஸ்கர்ஸ். உரிமையாளர் இந்தியத் திரைப்பட நடிகர் சொஹைல் கானின் குடும்பத்தினர். குசல் பெரேரா தலைமை தாங்கினார். மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற வீரர் கிறிஸ் கெய்ல் வருவார் என்றார்கள், அவர் வரவில்லை. முதலாட்டத்தில் அணி 219 ஓட்டங்களைக் குவித்தது. எதிர் அணியும் அதே 219ஐ எடுத்தது. பின்னர் சுப்பர் ஓவரில் கண்டி தோற்றது. பருவ முடிவில் ஐந்து அணிகளுள் ஐந்தாவது இடம்.

2021இல் பெயர் கண்டி வாரியர்ஸ் என்று மாறியது. மீண்டும் ஐந்தாவது இடமே கிடைத்தது. 2022இல் கண்டி பெல்கன்ஸ். 2023இல் ஒரு வணிகப் பெயரைத் தாங்கி பி-லவ் கண்டி. 2024இல் மறுபடியும் கண்டி பெல்கன்ஸ். ஆக, ஐந்து பருவங்களில் நான்கு பெயர்கள்!

“பாருங்க ஐயா, என் சட்டை 2022இல வாங்கினது. 2023இல கப் அடிச்சப்போ இந்தச் சட்டை பழைய பேரு. போன வருசம் பள்ளிக்கூடத்தில எல்லாரும் சிரிச்சாங்க. இந்த வருசம் மறுபடி சரியாப் போச்சு” என்று சிறுவன் தன் மார்பைச் சுட்டிக் காட்டினான். எல்லோரும் நகைத்தனர், அவனும் நகைத்தான். எனினும் அந்நகைப்பின் அடியில் ஒரு நியாயமான மனக்குறை இருப்பதை உணர்ந்தேன்.

வான் ஓட்டுநரான சிங்கள இளைஞர் ஒருவர் தமிழும் சிங்களமும் கலந்து தமது கட்சியை எடுத்துரைத்தார். “முதல் இரண்டு வருசம் கண்டி டீம் கண்டியில ஒரு மெச்சும் விளையாடவில்லை. பேரு மட்டும் கண்டி. நாங்க எங்கே போய்ப் பார்க்கிறது?” என்றார். அவர் கூற்று முற்றிலும் உண்மை. பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் ஆட்டங்கள் யாவும் அம்பாந்தோட்டையிலே பார்வையாளர் இன்றி நடைபெற்றன. 2021இல் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் நடந்தன. 2022 டிசம்பரிலேதான் போட்டி கண்டியை அடுத்த பல்லேகலை மைதானத்திற்கு வந்தது.

ஆசிரிய நண்பர் மறுதலையாக வாதாடினார். “முதலாளிகளைக் குறை கூறுவது எளிது. பணம் போடுபவர் இல்லையேல் போட்டியே இல்லை. வெளிநாட்டு வீரர்களோடு ஒரே அணியில் விளையாடும் வாய்ப்பு நம் நாட்டு இளைஞர்க்கு வேறு எங்கே கிடைக்கும்? நட்டம் வந்தால் அவர் போகத்தானே செய்வார்?” என்றார்.

கடைக்காரர் விட்டாரில்லை. “போகட்டும் மாஸ்டர். நானும் கடை வச்சிருக்கிறவன்தான். ஆனா நான் கடைய விக்கிறதா இருந்தா, கடன் கொப்பிய முடிச்சிட்டு, வாறவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போவன். இவங்க ஒரு வார்த்தை சொன்னாங்களா?” என்று கேட்டார்.

அவருடைய ஐயத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. அவ்வாண்டு மே மாதத்திலேதான் தம்புள்ளை அணியின் உரிமையாளர், ஆட்ட நிர்ணயம் பற்றிய குற்றச்சாட்டில் கைதானார். அவருடைய உரிமை ரத்துச் செய்யப்பட்டது. சில வாரங்களுக்குள் அவ்வணி வேறு உரிமையாளரின் கீழ், வேறு பெயருடன் ஆடிற்று. நாட்டின் தேசிய அணிக்கும் இத்தகைய சோதனை நேர்ந்ததுண்டு. 2023 நவம்பர் 2ஆந் திகதி மும்பையில் இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டங்களுக்குச் சுருண்டபின், கிரிக்கெட் சபையைக் கலைப்பதா காப்பதா என்ற போராட்டம் எழுந்தது. சர்வதேசக் கிரிக்கெட் பேரவை நவம்பர் 10ஆந் திகதி இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி மாத இறுதியிலேதான் அத்தடை நீங்கியது. மேலே நடப்பவற்றைத் தடுக்கவோ நடத்தவோ ரசிகனுக்கு வழியில்லை. தோல்வியின் துக்கத்தில் மட்டும் அவனுக்குப் பங்குண்டு.

அமெரிக்காவில் ஒரு நகரம்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயா? இல்லை. பத்திரிகைகளை ஊன்றிப் படிக்கும் என் நண்பர், அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்துக் கதையை எடுத்துரைத்தார். அங்கே பேஸ்போல் என்னும் விளையாட்டு மிகவும் பிரசித்தம். சித்திரைப் புத்தாண்டில் நம் ஊர்களில் ஆடும் ‘எல்லே’யை மனத்திற் கொண்டால் அதனை விளங்கிக்கொள்ளலாம்; பந்தைக் கோலால் ஓங்கியடித்து, நிலைகளைச் சுற்றி ஓடிவருவது.

ஓக்லாந்து நகரின் அத்லெற்றிக்ஸ் அணி 1968இல் அங்கு வந்தது; 1972, 1973, 1974, 1989 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டின் உச்ச விருதை வென்றது. பின்னாளில் உரிமையாளர் செலவைச் சுருக்கினார். திறமை மிக்க வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக வேறு அணிகளுக்குச் சென்றனர். அணியை லாஸ் வேகாஸ் நகருக்கு மாற்றப்போவதாகவும் அறிவிப்பு வந்தது. 2023இல் அவ்வணி 162 ஆட்டங்களில் 112இல் தோற்றது. வழக்கமாக வெறிச்சோடிக் கிடந்த அம்மைதானத்திற்கு, அவ்வாண்டு ஜூன் 13ஆந் திகதி மட்டும் 27,000க்கு மேற்பட்ட மக்கள் திரண்டு வந்தனர். ஆட்டத்தில் வெல்வதற்காக அன்று. ‘விற்றுவிடு’ என்று உரிமையாளரை நோக்கி ஒரே குரலில் முழங்குவதற்காக! தாங்கள் வராதது அணியின்மேல் வெறுப்பினால் அன்று என்பதை வந்து காட்டினார்கள். அதனாலும் பயன் விளையவில்லை. 2024 செப்டெம்பரில் அந்நகரில் கடைசி ஆட்டம் நடந்தது. அடுத்த ஆண்டு சாக்ரமெந்தோ நகரிலுள்ள ஒரு சிறு மைதானத்திற்கு அணி சென்றது.

இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினேன். ஓக்லாந்திலே அணியின் பெயர் இருந்தது, ஊர் போயிற்று. கண்டியிலே ஊர்ப்பெயர் இருந்தது, மற்றவை யாவும் மாறின. வழக்கு ஒன்றேதான்.

தாத்தாவின் தீர்ப்பு

மறுநாட் காலை மழை விட்டிருந்தது. அச்சிறுவன் தன் தோட்டத்தைக் காட்ட எங்களை அழைத்துச் சென்றான். நிரைநிரையாக இறப்பர் மரங்கள். ஒவ்வொன்றிலும் சாய்வாகச் சீவிய பட்டை. அதன் அடியில் பால் வடியும் சிரட்டை. லயத்தின் திண்ணையில் அவனுடைய தாத்தா அமர்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, பதினான்காம் வயதிலே பால் வெட்டத் தொடங்கியவர். இரவு நடந்த விவாதத்தைப் பேரன் அவரிடம் ஒப்புவித்தான். அவர் வெற்றிலையை மென்றவாறு பொறுமையாகக் கேட்டார்.

“பலகை மாறுறது நமக்குப் புதுசா ஐயா?” என்று அவர் தொடங்கினார். “நான் பேர் பதிஞ்சப்போ வெள்ளைக்காரக் கம்பனிப் பலகை. எழுபத்தஞ்சில கவர்மெண்டுப் பலகை. தொண்ணூத்திரண்டுக்கப்புறம் மறுபடி கம்பனிப் பலகை. துரைமாரும் எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. எங்ககிட்ட ஒருத்தரும் கேட்டு மாத்தல. லயம் இதே லயந்தான்.”

அவர் சொன்ன ஆண்டுகள் சரியானவையே. காணிச் சீர்திருத்தத்தின் கீழ்க் கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சரித்திர நூல்களில் இரண்டு வரிகளில் முடியும் செய்தி. அவருக்கோ அதுவே வாழ்நாள்.

“பின்னே ஏன் தாத்தா இன்னமும் ‘நம்ம தோட்டம்’னு சொல்றீங்க? ஒரு அடி நிலங்கூட நமக்கு இல்லையே?” என்று சிறுவன் கேட்டான். அவ்வினாவைக் கேட்டதும் என் நண்பர் என்னை நோக்கினார். இரவு முழுதும் நாங்கள் சுற்றிச் சுற்றி வந்த இடத்தை அவன் ஒரு நொடியில் தொட்டுவிட்டான்.

முதியவர் எழுந்து, எங்களை ஒரு மரத்தருகே கூட்டிச் சென்றார். “இந்த மலை மறுநடுகை பண்ணினப்போ குழி வெட்டினது நானும் உன் பாட்டியும். கன்னு நட்டா ஆறு ஏழு வருசம் ஒரு சொட்டுப் பால் வராது. களை எடுக்கணும், உரம் போடணும், பொறுத்திருக்கணும். அதுக்கப்புறந்தான் கத்தி வைக்கலாம். அதுவும் பட்டைய மெல்லிசாச் சீவணும். அவசரப்பட்டு ஆழமா வெட்டினா, இன்னைக்குப் பால் கூட வரும். மரம் காயம் பட்டுப் போகும், அந்த இடத்தில நல்ல பட்டை திரும்ப வராது. நாளைக்கும் இங்க இருப்பேன்னு நினைக்கிறவன் மெல்லிசாச் சீவுவான். நாளைக்குப் போயிடுவேன்னு நினைக்கிறவன் ஆழமா வெட்டுவான். உன் டீம் முதலாளிய நான் பார்த்ததில்ல. அவர் எப்படி வெட்டுறார்னு பாரு. அவ்வளவுதான்” என்றார்.

சற்று நின்று, பேரனின் தலையைத் தடவி, “நட்டவனுக்குக் கொஞ்சம் சொந்தம் உண்டுடா. பத்திரத்தில எழுதமாட்டாங்க” என்று முடித்தார்.

மறுநடுகை என்னும் பாடம்

திரும்பும் வழியில், கடுகண்ணாவை மலைமீது பஸ் வண்டி வளைந்து வளைந்து ஏறுகையில், அம்முதியவரின் வார்த்தைகளே என் காதில் ஒலித்தன. கீழே மஞ்சு படிந்த பள்ளத்தாக்கு. மேலே இவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம். வீதி அமைத்தவர் ஒருவர். அதிற் கல் சுமந்தவர் பலர். பெயர் இருப்பது ஒருவருக்கே.

தோற்றுப்போன அணியை மீண்டும் கட்டியெழுப்புவது இறப்பர் மறுநடுகையைப் போன்றது. அதற்குக் காலம் வேண்டும். இந்நாட்டில் இறப்பர் மறுநடுகைக்கு மானியம் வழங்க 1953இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். ஆறேழு ஆண்டுகள் வருமானமின்றிப் பொறுத்திருக்க மரத்தின் சொந்தக்காரனாலும் தனியே இயலாது என்பதை அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்தனர். விளையாட்டு அணியை நாம் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கன்று நடவேண்டும் என்று எதிர்பார்க்கின்றோம். அவர் கத்தியைத்தானே எடுப்பார்?

கண்டி அணியின் கதையே இதற்குச் சான்று. முதல் இரண்டு பருவங்களிற் கடைசி இடம். 2022இல் வனிந்து ஹசரங்க தலைவரானார். அவ்வாண்டு புள்ளிப் பட்டியலில் முதலிடம். 2023இல் அதே ஹசரங்க ஓட்டக் குவிப்பிலும் விக்கெட்டுகளிலும் போட்டியிலேயே முதல்வராக விளங்கினார். காயத்தால் அவர் ஆட இயலாத இறுதியாட்டத்தில் அஞ்சலோ மெத்திவ்ஸ் தலைமையில் தம்புள்ளையை வென்று அணி கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2024இல் அதே தலைவர். ஓர் ஓட்டக் குறைவினால் இறுதியாட்டம் தவறிற்று. இம்மூன்று ஆண்டுகளிலும் பெயர்ப்பலகை மாறியது, தலைவர் மாறவில்லை. ஆட்டமும் ரசிகர்கள் போய்ப் பார்க்கக்கூடிய பல்லேகலைக்கு வந்தது. நிலைத்து நின்ற இவ்விரண்டுமே அணிக்கு வேராயின என்று கருதுகின்றேன்.

ஆகவே தேநீர்க்கடை ரசிகர்களின் கோரிக்கை பேராசை அன்று. அணியை வாங்குவோர் ஆறேழு ஆண்டுகளுக்காவது கட்டுப்படவேண்டும். ஊரின் பெயரைத் தாங்கும் அணி அவ்வூரில் விளையாடவேண்டும். பெயரை மாற்றுமுன் சட்டை வாங்கிய சிறுவனை ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிற் பந்து வீசிப் பழகும் பிள்ளைகளைத் தேடிச் செல்ல ஒருவரையேனும் அனுப்பவேண்டும். நண்பர் கூறியதும் உண்மைதான், பணமின்றிப் போட்டியில்லை. ஆனால் மைதானத்தில் எழும் ஆரவாரத்தை எந்த முதலாளியும் காசு கொடுத்து வாங்க முடியாது என்பதும் அவ்வளவு உண்மை.

2025ஆம் ஆண்டு இவ்வாசைகளுக்கு உகந்ததாக அமையவில்லை. ஏப்ரலில் யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய இரு அணிகளின் உரிமையாளர்களும் நீக்கப்பட்டனர். நான்கு முறை கிண்ணம் வென்ற யாழ்ப்பாணத்துக்கே இக்கதி! ஆண்டின் இறுதியில் நடக்கவிருந்த போட்டியும் ஒத்திவைக்கப்பட்டது. அச்செய்தி வந்த மறுநாள் நண்பரோடு தொலைபேசியிற் பேசுகையில், சிறுவன் என்ன சொன்னான் என்று வினவினேன்.

“ஒன்றும் சொல்லவில்லை. நேற்று மாலை லயத்துக்குப் பின்னால், இறப்பர் நிரைக்கு நடுவே பந்து வீசிக்கொண்டிருந்தான். விக்கெட்டுக்கு மூன்று தடி நட்டிருந்தான். மேலே அதே பழைய சட்டை, இப்போது அவனுக்கு அது இறுக்கமாகிவிட்டது” என்றார் நண்பர்.